முதல் நூறு கான்ஜி: எந்த வழியில் படிக்கலாம்?

ஜப்பானிய மொழியில் ஒலியைக் குறிக்கும் எழுத்துவகைகள் இரண்டு: ஹிரகானா 46, கட்டகானா 46. இந்த இரண்டையும் சில வாரங்களில் முடித்துவிட்டு உற்சாகமாக நிற்பவர்களை, பொருளைக் குறிக்கும் கான்ஜி என்ற மூன்றாவது எழுத்துவகை கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்யும். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2136 கான்ஜிகள் இருக்கின்றன. 2010-இல் திருத்திய பட்டியல் அது. அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஆரம்பநிலையில் இருப்பவருக்குத் தேவை முதல் நூறு. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வை நடத்துபவர்கள் 2010-இல் தேர்வுமுறையை மாற்றியபின் எந்த நிலைக்கு எந்த எழுத்துகள் என்று பட்டியல் வெளியிடுவதில்லை. ஆனாலும் அதன் தொடக்க நிலையான என்5-க்கு ஏறக்குறைய நூறு, அடுத்த நிலையான என்4 முடிக்கும்போது மொத்தம் முந்நூறு என்ற கணக்கில்தான் வகுப்புகளும் புத்தகங்களும் போகின்றன.

அந்த நூறுக்குப் போக நான்கு பாதைகள் இருக்கின்றன. ஜப்பானியப் பள்ளிக் குழந்தைகள் படிக்கும் வரிசையில் போகலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கதை கட்டி, பொருளை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யலாம். கைப்பேசிச் செயலி சொல்கிறபடி நடக்கலாம். அல்லது பாடப்புத்தகத்தில் வரும் சொற்களோடு சேர்த்து, சொல் வழியாகவே எழுத்தைப் பிடிக்கலாம். என் பரிந்துரை நான்காவது. ஏன் என்று விளங்க, ஒரே ஒரு எழுத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்ப்போம்.

ஓர் எழுத்து, நெருக்கத்தில்

சூரியன், நாள் என்ற பொருள் தரும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். பார்க்க, நிமிர்ந்து நிற்கும் செவ்வகத்தின் நடுவே ஒரு குறுக்குக்கோடு போட்டது போல இருக்கும். எழுதும்போது நான்கே கோடுகள். முதல் கோடு இடப்பக்கம், மேலிருந்து கீழே. இரண்டாவது, மேலே இடமிருந்து வலமாகப் போய், பேனாவை எடுக்காமலேயே மூலையில் திரும்பிக் கீழே இறங்கும். மேல்விளிம்பும் வலப்பக்கமும் சேர்ந்து ஒரே கோடு. மூன்றாவது நடுக்கோடு. நான்காவது அடிக்கோடு, பெட்டியை மூடுவது. உள்ளே இருப்பதை எழுதிய பிறகுதான் அடியை மூட வேண்டும் என்ற இந்த முறை கண், வயல், நாடு போன்ற எழுத்துகளிலும் அப்படியே வரும். ஒன்றைச் சரியாக எழுதப் பழகினால் பல எழுத்துகள் கூடவே வந்துவிடும்.

உருவம் ஐந்து நிமிட வேலை. சிக்கல் ஒலியில் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த ஒலியை ஓன் வாசிப்பு என்றும், ஜப்பானியச் சொல்லின் ஒலியை குன் வாசிப்பு என்றும் சொல்வார்கள். இந்த எழுத்துக்கு 'நிச்சி', 'ஜிட்சு' என்று இரண்டு ஓன் வாசிப்புகள். 'ஹி', 'கா' என்று இரண்டு குன் வாசிப்புகள். 'மைநிச்சி' என்றால் தினமும். 'க்யூஜிட்சு' என்றால் விடுமுறை நாள். ஞாயிற்றுக்கிழமைக்கான சொல்லில் இதே எழுத்து முதலிலும் கடைசியிலுமாக இரண்டு முறை வரும்: முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'. ஒன்று என்ற எழுத்தையும் இதையும் சேர்த்து எழுதினால், மாதத்தின் முதல் தேதியைச் சொல்லும்போது 'ட்சுயிதாச்சி' என்று படிக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் என்ற பொருளில் வந்தால் 'இச்சிநிச்சி'. எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்லும்.

நான்கு ஒலிகளையும் ஒரு பட்டியலாக உருப்போட்டவருக்கு இதில் எதுவும் கைகொடுக்காது. எந்த இடத்தில் எந்த ஒலி என்பது சொல்லுக்குள்தான் இருக்கிறது. வழிகளை ஒப்பிடும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்: எழுத்தின் உருவம், பொருள், ஒலி மூன்றையும் ஒரு சொல்லோடு கட்டித் தருகிறதா, இல்லையா?

பள்ளிக்கூட வரிசை

ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தை 80 கான்ஜி படிக்கும். இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200. ஆறு ஆண்டுகளில் மொத்தம் 1026. 2020 வரை இது 1006-ஆக இருந்தது. மாநிலப் பெயர்களில் வரும் 20 எழுத்துகளைச் சேர்த்தபின் கூடியது. தரமான பயிற்சித்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. அதனால் பலரும் இந்த வரிசையைத்தான் முதலில் தொடுகிறார்கள்.

இந்த வரிசை யாருக்காகப் போட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஜப்பானியம் பேச ஏற்கெனவே தெரியும். அதற்குத் தேவை, எளிய உருவத்திலிருந்து கடினமான உருவத்துக்குப் போவது. அதனால் சிப்பி, பூச்சி, நூல், மூங்கில் எல்லாம் முதல் வகுப்பிலேயே வந்துவிடும். சாப்பிடு, போ, என்ன ஆகியவை இரண்டாம் வகுப்பில். குடி, ரயில் நிலையம் மூன்றாம் வகுப்பில். 'நான்' என்ற சொல்லின் எழுத்து வருவது ஆறாம் வகுப்பில்! தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல் தேவைப்படும் ஒருவர் அதுவரை காத்திருக்க முடியாது.

ஆனாலும் சிப்பியும் நூலும் வீண் என்று தள்ளிவிட முடியாது. வாங்குதல் என்ற எழுத்தின் அடியில் சிப்பி இருக்கிறது; பழங்காலத்தில் சிப்பி பணமாகப் புழங்கியதன் அடையாளம் அது. காகிதம், முடிதல் ஆகிய எழுத்துகளின் இடப்பக்கத்தில் நூல் இருக்கிறது. அந்த எழுத்துகள் வரும்போது உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும், முதல் மாதத்திலேயே வேண்டியதில்லை.

குடும்பத்தோடு ஜப்பான் போய், பிள்ளையை அங்கே உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அந்தப் பிள்ளைக்கு இதுதான் ஒரே வழி. வகுப்பில் மற்ற குழந்தைகள் எழுதும் எழுத்தை அதுவும் எழுத வேண்டும். கான்ஜி கென்டெய் என்ற தேர்வின் 10-ஆம் நிலை சரியாக அந்த முதல் வகுப்பு 80 எழுத்துகளுக்கானது. பிள்ளைக்கு ஓர் இலக்கு வைக்க அது நல்ல ஏற்பாடு.

கதை கட்டிப் படிப்பது

ஜேம்ஸ் ஹைசிக் 1977-இல் வெளியிட்ட முறையால் இந்த வழி பரவலாகத் தெரிய வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் உறுப்புகளாகப் பிரித்து, உறுப்புகளுக்குப் பெயர் வைத்து, அவற்றை இணைத்து ஒரு கதை சொல்லி, எழுத்துக்கு ஒரே ஒரு பொருட்சொல் கொடுப்பார். இப்போதைய பதிப்பின் முதல் பாகத்தில் 2200 எழுத்துகள். அதில் ஒலி கிடையாது. வாசிப்புகளெல்லாம் இரண்டாம் பாகத்துக்கு.

இந்த முறையின் பலம் உண்மையானது. காத்திரு, கையில் வைத்திரு என்ற இரண்டு எழுத்துகளும் வலப்பக்கம் அச்சு அசலாக ஒன்றே: கோயில் என்ற எழுத்து. இடப்பக்கத்தில்தான் வேறுபாடு. ஒன்றில் நடையைக் குறிக்கும் உறுப்பு, மற்றதில் கை. உறுப்பைப் பெயர் சொல்லிப் பார்க்கப் பழகியவர் இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டார். ஓய்வு என்ற எழுத்தில் இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மரத்தில் சாய்ந்து நிற்கும் ஆளை ஒருமுறை மனதில் பார்த்துவிட்டால் அப்புறம் மறப்பது கடினம்.

பலவீனமும் அதே அளவு பெரியது. ஒலி தெரியாத எழுத்தைக் கைப்பேசியில் தட்டச்சு செய்ய முடியாது, ஏனென்றால் ஒலியை அடித்துத்தான் பட்டியலிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ப்யோயின்' என்று ஒருவர் சொன்னால், 'நோய்', 'நிறுவனம்' என்று இரண்டு எழுத்துகளையும் பொருளோடு படித்து வைத்திருப்பவருக்கு அது மருத்துவமனை என்று காதில் விழாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளின் பொருள் தெரிந்தும் ஒரு பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படிக்க முடியாத நிலை பல மாதம் நீளும். அந்த மாதங்களில்தான் பெரும்பாலானோர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு, அதிகம் பேசப்படாதது. கான்ஜிகளில் பெரும்பாலானவற்றில் ஓர் உறுப்பு பொருளையும் இன்னோர் உறுப்பு ஒலியையும் காட்டும். நீலம் என்ற எழுத்தின் ஓன் வாசிப்பு 'செய்'. அதனோடு சூரியன் சேர்ந்தால் வானம் தெளிந்திருப்பது. நீர் சேர்ந்தால் தூய்மை. இரண்டுக்கும் ஓன் வாசிப்பு அதே 'செய்'. எழுத்தே கொடுக்கும் இந்த உதவியை, ஒலியைத் தள்ளிவைக்கும் முறை பயன்படுத்திக்கொள்வதே இல்லை. எல்லா எழுத்துக்கும் இது பொருந்தாது என்பதும் சரிதான். கோயில் எழுத்தின் ஒலி 'ஜி'. அது இடம்பெறும் நேரம் என்ற எழுத்தும் 'ஜி', ஆனால் காத்திரு என்ற எழுத்தின் ஓன் வாசிப்பு 'தாய்'. இருந்தாலும் நூறு எழுத்தைத் தாண்டியபின் இந்த ஒலிக்குறிப்பு பெரிய துணை.

ஜப்பானியம் ஏற்கெனவே நன்றாகப் பேசி, எழுத்து மட்டும் தெரியாதவருக்குக் கதை முறை பொருத்தம். மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று ஐந்தாறு ஆண்டுத் திட்டத்தோடு வருபவரும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள், அடிக்கடி குழம்பும் எழுத்துகளுக்கு மட்டும் கதை கட்டினால் போதும். அந்தக் கதையைத் தமிழிலேயே கட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் எழுதிவைத்த கதையை விட, நீங்களே உங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டது நிற்கும்.

செயலிகள்

இதில் இரண்டு வகை. வானிகானி போன்றவை எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்து தரும்: முதலில் உறுப்பு, பிறகு எழுத்து, பிறகு அந்த எழுத்து வரும் சொற்கள். மொத்தம் 60 நிலைகள், முதல் மூன்று இலவசம், அதன்பின் கட்டணம். ஒலியும் சொல்லும் சேர்ந்தே வருவது இதன் நன்மை. ஆனால் வரிசை பெரும்பாலும் உருவத்தின் எளிமையைப் பொறுத்தது, உங்கள் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகாது. வகுப்பில் ஒன்று, செயலியில் வேறொன்று என்று இரட்டைப் பாரமாகும். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் சரளமில்லாதவருக்கு அது இன்னொரு சுமை. கையால் எழுதும் பயிற்சியும் அதில் இல்லை.

ஆங்கி வேறு வகை. நினைவில் வைக்க வேண்டியதை முன்னும் பின்னும் எழுதிய அட்டைகளைப் போட்டுவைக்கும் வெறும் பெட்டிதான், என்ன போடுவது என்பது உங்கள் விருப்பம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் பணம் கொடுத்து வாங்க வேண்டும். மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும் வேலையைச் செய்துவிடுகிறது. முன்பக்கம் கான்ஜியில் ஒரு சொல், பின்பக்கம் ஹிரகானாவில் ஒலி, தமிழில் பொருள், பாடத்திலிருந்து ஒரு சிறு வாக்கியம். இப்படி நீங்களே செய்த அட்டைக்கு ஈடாக எந்தத் தயார்ப் பொதியையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளில் ஐந்து புதிய அட்டைக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முப்பது நாற்பது என்று சேர்த்தவர்களுக்கு, இரண்டு வாரத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய அட்டைகள் மலைபோலக் குவிந்து, செயலியைத் திறக்கவே மனம் வராமல் போகும்.

செயலியை வழியாக எடுத்துக்கொள்ளாமல் துணையாக வைத்துக்கொள்வது நல்லது.

சொல் வழி

இதில் நடப்பது எளியது. ஒரு சொல்லை முதலில் காதால் கேட்டு, வாயால் சொல்லி, பொருள் தெரிந்துகொள்கிறீர்கள். பிறகுதான் அதற்கு எழுத்து. கென்கி பாடநூலில் முதல் இரண்டு பாடங்களில் கான்ஜியே கிடையாது. மூன்றாம் பாடத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை, நூறு, ஆயிரம், பத்தாயிரம், யென், நேரம் என்று 15 எழுத்துகள். அதற்குள் அந்த எண்களை விலை கேட்கவும் மணி சொல்லவும் பயன்படுத்திப் பழகியிருப்பீர்கள். இரண்டு பாகமும் முடிக்கும்போது 317 எழுத்துகள். மின்னா நோ நிஹோங்கோ என்ற பாடநூலை வைத்து நடக்கும் வகுப்புகளில் கான்ஜிக்குத் தனிப் புத்தகம் உண்டு. பாடச்சொற்களோடு அதை இணைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சொற்களையும் வாயால் சொல்லத் தெரிந்தபின் எழுத்தைப் பார்த்தால் சூரியன், நிலா, நெருப்பு, நீர், மரம், பொன், மண் என்று ஏழு அடிப்படை எழுத்துகள் ஒரே வாரத்தில் உங்களுடையவை. நடுவில் வரும் 'யோ' என்ற எழுத்துக்கு மட்டும் 18 கோடுகள். அதை எழுத முயல வேண்டாம், கண்ணால் அடையாளம் தெரிந்தால் போதும். புதன்கிழமையின் 'சுயி' என்பதே நீர் எழுத்தின் ஓன் வாசிப்பு. குடிக்கக் கேட்கும்போது அதே எழுத்து 'மிஸு'. இரண்டு சொல்லும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், இரண்டு வாசிப்புகள் என்ற பேச்சு பயமுறுத்தாது.

வினைச்சொற்களில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'தபேரு' என்றால் சாப்பிடுவது, 'தபேதா' என்றால் சாப்பிட்டது. வேரைக் கான்ஜியிலும், மாறும் விகுதியை ஹிரகானாவிலும் எழுதுவார்கள். வேரும் விகுதியுமாகச் சொல்லைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இலக்கண வகுப்பிலேயே வந்துவிட்டது. எது மாறும், எது மாறாது என்பதை இங்கே யாரும் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. சொல்லின் மொத்தத் தோற்றத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே போவதால் உறுப்புகளில் கவனம் செல்லாது. முதலில் எல்லாம் நன்றாகப் போகும்; இருநூறைத் தாண்டும்போது ஒன்றுபோல் தெரியும் எழுத்துகள் மோதத் தொடங்கும். அதற்கு மாற்று, ஒவ்வொரு புதிய எழுத்திலும் தெரிந்த உறுப்பு எது என்று ஒரு நிமிடம் தேடுவது. இன்னொன்று, எழுதிப் பார்ப்பது.

எழுத வேண்டுமா?

ஜே.எல்.பி.டி. முழுக்கவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. ஒரு கான்ஜிகூட எழுத வேண்டியதில்லை. 2019-இல் வந்த 'குறிப்பிட்ட திறன்' என்ற வேலை விசாவுக்கு என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற மொழித்தேர்வு வேண்டும்; இரண்டாவது கணினியில் எழுதுவது. கைப்பேசியிலோ ஒலியை அடித்தால் எழுத்து வந்துவிடும். ஆகவே எழுதத் தேவையில்லை என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை.

இருந்தும் முதல் நூறு எழுத்தை நான் எழுதச் சொல்கிறேன். கை போகும் பாதை கண்ணுக்குப் பயிற்சி. மண் என்ற எழுத்தில் அடிக்கோடு நீளம். போர்வீரன் என்ற எழுத்தில் மேல்கோடு நீளம். வேறு வித்தியாசம் கிடையாது. 'இன்னும் இல்லை', 'முடிவு' என்ற இரண்டு எழுத்துகளும் அப்படியே, மேலேயுள்ள இரு கோடுகளில் எது நீளம் என்பதில் மட்டும் வேறுபடும். எழுதியவருக்கு இது உடனே கண்ணில் படும். இடது, வலது என்ற இரண்டு எழுத்துகளும் ஒன்றுபோலத் தொடங்குவதாகத் தெரியும். ஆனால் இடதுக்கு முதலில் படுக்கைக்கோடு, வலதுக்கு முதலில் சாய்ந்து இறங்கும் கோடு. கோட்டு வரிசை பிடிபட்டால், தெரியாத எழுத்தைக் கைப்பேசி அகராதியில் விரலால் வரைந்து தேடவும் முடியும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக எடுத்துக்கொண்டால், ஜப்பானியப் பயிற்சி நோட்டில் குறுக்கும் நெடுக்குமாக வரும் நடுக்கோடுகள் தானாகக் கிடைத்துவிடும். பார்த்து இரண்டு மூன்று முறை, பிறகு மூடிவிட்டு நினைவிலிருந்து ஒருமுறை. மறுநாள் மறுபடி நினைவிலிருந்து. ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்புவதில் கை வலிதான் மிச்சம். ஐந்தாவது கட்டத்துக்குப் பிறகு மனம் அங்கே இருக்காது. நூறுக்குப் பின் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, உங்கள் முகவரி, நிறுவனத்தின் பெயர், வேலைக்கான சொற்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜப்பானில் நகராட்சி அலுவலகப் படிவத்தில் முகவரியைக் கையால் எழுத வேண்டிவரும்.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். கைப்பேசியின் மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைச் சேர்க்காவிட்டால், சில எழுத்துகள் சீன வடிவத்தில் காட்டப்படலாம். நேர், எலும்பு போன்ற எழுத்துகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைப் பார்த்து எழுதிப் பழகியவர்கள் பிறகு திருத்திக்கொள்ளப் படும் பாடு வருத்தமானது.

யாருக்கு எது

ஜூலையிலோ டிசம்பரிலோ சென்னையில் என்5 எழுதப் போகிறவர்: சொல் வழி, கூடவே உங்கள் சொந்த ஆங்கி அட்டைகள். வேறு எதையும் தொட நேரமில்லை.

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக இருக்கும் செவிலியரும் பராமரிப்பாளரும்: சொல் வழிதான், ஆனால் பாடப்புத்தகத்தின் வரிசைக்குக் காத்திருக்காதீர்கள். இடது, வலது, உணவு, மருந்து, குளியல், உடல் வெப்பம் ஆகிய சொற்களின் எழுத்துகளை முன்னால் கொண்டுவாருங்கள். இடதும் வலதும் குழம்பினால் அங்கே ஒரு முதியவருக்கு அது நேரடியாகப் பாதிப்பு. இந்த எழுத்துகளைக் கண்டிப்பாக எழுதிப் பழக வேண்டும்.

மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளைப் படிப்பதற்காகத் தொடங்குபவர்: சிறுவர்களுக்கான இதழ்களில் கான்ஜிக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஹிரகானாவில் ஒலி அச்சிட்டிருப்பார்கள். அதுவே சொல் வழிக்குத் தோதான வாசிப்பு. எழுதும் பயிற்சி உங்கள் விருப்பம்.

கதை முறையில் ஏற்கெனவே சில நூறு எழுத்துகள் போய்விட்டவர் அதை விட்டுவிட வேண்டாம். படித்த எழுத்து ஒவ்வொன்றுக்கும், நீங்கள் பேச்சில் உண்மையாகப் பயன்படுத்தும் ஒரு சொல்லைத் தேடி, அதை ஒலியோடு அட்டையில் சேருங்கள். அப்படி ஒரு சொல் கிடைக்காத எழுத்தை ஒதுக்கி வையுங்கள்; சொல் வரும்போது எழுத்தை எடுத்துக்கொள்ளலாம்.